முள்வேலிக்குள் ஒரு மறைவுப் போர்: போலந்து அதிகாரிகளின் சிறைமுகாம் வரலாறு

யூஸெஃப் உன்ருக் என்னும் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. 1884இல் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஜெர்மன் பேரரசின் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தலைமை தாங்கியவர். 1918இல் போலந்து மீண்டும் ஒரு நாடாக எழுந்தபோது தம் முன்னோரின் நாடு அதுவே என்று முடிவு செய்து அங்கே சென்றார். ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து அதன் கடற்படையை உருவாக்கியவர்களுள் ஒருவரானார். 1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தபோது ஹெல் தீபகற்பத்தை ஒரு மாத காலம் காத்து நின்று, அக்டோபர் தொடக்கத்தில் சரணடைந்தார்.

சிறைப்பட்ட உன்ருக்கைப் பழைய தோழர்களும் உறவினர்களும் தேடி வந்தனர். ஜெர்மன் கடற்படையில் அவருக்கு உயர்ந்த இடம் காத்திருப்பதாகச் சொன்னார்கள். அவரோ, 1939 செப்டம்பர் முதல் நாளோடு தமக்கு ஜெர்மன் மொழி மறந்துபோய்விட்டது என்று அறிவித்தார். அதன்பின் ஐந்தரை ஆண்டுகள், முகாம் அதிகாரி எவரிடமும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேசினார். எதிரே இருப்பவர் சொல்வது ஒவ்வொன்றும் அவருக்குப் புரியும் என்பது அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தும் மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தாக வேண்டும்; ஜெர்மானியர் காத்திருந்தாக வேண்டும்.

இதில் ஆயுதம் இல்லை, சுரங்கம் இல்லை. எந்த முகாம் விதியும் மீறப்படவில்லை. ஆயினும் இதை எதிர்ப்பு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்ட போலந்து அதிகாரிகளின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தக் கேள்வியே மீண்டும் மீண்டும் முன்வந்து நிற்கிறது. கையிலிருந்த எல்லாவற்றையும் பறிகொடுத்த மனிதன், தான் இன்னும் தோற்கவில்லை என்பதை எவ்வாறு நிறுவுகிறான்? அதற்கு அவன் கொடுக்கும் விலை என்ன? அந்த விலையைத் தீர்மானிப்பவர் யார்?

*

1939இல் போலந்து இருபுறமும் தாக்கப்பட்டது. செப்டம்பர் 1ஆம் நாள் மேற்கிலிருந்து ஜெர்மனி. செப்டம்பர் 17ஆம் நாள் கிழக்கிலிருந்து சோவியத் ஒன்றியம். ஒரே படையைச் சேர்ந்த அதிகாரிகள், போரின் கடைசி வாரங்களில் எந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்பதைப் பொறுத்து இருவேறு ஆட்சிகளின் கைதிகளானார்கள். ஏறத்தாழ 18,000 அதிகாரிகள் ஜெர்மானியர் கையில் சிக்கினர். சோவியத் தரப்பு தன்னிடம் அகப்பட்ட படை அதிகாரிகளைக் கொஸெல்ஸ்க், ஸ்டாரொபெல்ஸ்க் ஆகிய முகாம்களிலும், காவல்துறையினரையும் எல்லைக் காவலரையும் ஒஸ்தாஷ்கோவ் முகாமிலும் அடைத்தது.

இவர்களில் பெரும்பகுதியினர் தொழில்முறைப் படைவீரர்கள் அல்லர். போர் மூண்டதும் அழைக்கப்பட்ட ரிசர்வ் அதிகாரிகள்: மருத்துவர்கள், பள்ளி ஆசிரியர்கள், பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், பொறியாளர்கள், ஓவியர்கள், கவிஞர்கள். போலந்தின் படித்த வர்க்கத்தில் ஒரு பெரும்பங்கு சீருடையணிந்து முள்வேலிக்குப் பின்னால் நின்றது. அவர்களின் எதிர்ப்பு ஏன் பெரும்பாலும் சொற்பொழிவாகவும் நாடகமாகவும் கையெழுத்து இதழாகவும் வடிவெடுத்தது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

முதலில் ஜெர்மன் முகாம்களைப் பார்ப்போம். போலந்து நாட்டில் குடிமக்களைக் கொன்று குவித்த அதே அரசு, சிறைப்பட்ட அதிகாரிகளைப் பெருமளவில் 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி நடத்தியது. அந்த உடன்படிக்கையின்படி அதிகாரிகளை உடலுழைப்புக்கு ஏவ முடியாது. சாதாரணப் படைவீரர்களுக்கு அந்தப் பாதுகாப்பு நிலைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரைப் போர்க்கைதி என்னும் தகுதியிலிருந்து நீக்கி, கட்டாயக் கூலிகளாக வயல்களுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். அதிகாரிகளுக்கோ பசியும் குளிரும் முள்வேலியும் இருந்தன. அவற்றோடு முடிவில்லாத நேரமும் இருந்தது.

அந்த நேரத்தை என்ன செய்தார்கள் என்பதற்கு வோல்டன்பெர்க் முகாம் நல்ல சான்று. இன்று அவ்வூர் போலந்தில் தோப்யெக்னியெவ் என்னும் பெயரில் உள்ளது. முகாமின் நினைவாக ஓர் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. 1940 முதல் 1945 வரை ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அங்கே அடைபட்டிருந்தனர். அவர்கள் நூலகம் அமைத்தார்கள், இசைக்குழு நடத்தினார்கள், மொழிகளிலிருந்து சட்டம் வரை பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். தொல்லியல் அறிஞர் கஸிமியெஷ் மிகவோவ்ஸ்கி அங்கே தம் தோழர்களுக்கு எகிப்தியலைக் கற்பித்தார். 1960களில் அஸ்வான் அணையின் நீரில் மூழ்கவிருந்த சூடானின் ஃபராஸ் தேவாலயத்துச் சுவரோவியங்களைக் கண்டெடுத்து மீட்டவர் இவரே. முகாமின் நாடக அரங்கை நடத்தியவர்களில் முதன்மையானவர் கஸிமியெஷ் ருட்ஸ்கி. பின்னாளில் போலந்து மேடையிலும் திரையிலும் புகழ்பெற்றவர். முகாமுக்குள்ளேயே ஓர் அஞ்சல்துறையும் இயங்கியது. கைதிகள் தாமே செதுக்கி அச்சிட்ட அஞ்சல்தலைகளின் வருமானம், போரில் இறந்தவர்களின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்குமான நிதிக்குச் சென்றது.

இவையெல்லாம் காவலர்களின் கண்முன்னே, அவர்கள் அனுமதியோடு நடந்தவை. அனுமதிக்கப்பட்ட இந்த வாழ்க்கை, அனுமதிக்கப்படாத இன்னொன்றுக்குத் திரையாக நின்றது. மறைத்து வைக்கப்பட்ட வானொலிப் பெட்டிகளில் செய்தி கேட்டு, குரல்வழியாகப் பாசறைதோறும் பரப்பினார்கள். வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் சங்கேத மொழியைப் பொதிந்து, தாய்நாட்டின் தலைமறைவு இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்தார்கள்.

1944ஆம் ஆண்டு ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 13 வரை வோல்டன்பெர்க்கில் ஓர் ஒலிம்பிக் போட்டியே நடந்தது. அந்த ஆண்டு லண்டனில் நடக்கவேண்டிய உண்மையான ஒலிம்பிக் போரினால் கைவிடப்பட்டிருந்தது. படுக்கை விரிப்பும் வண்ணக் கழுத்துத்துணிகளும் கொண்டு ஐந்து வளையக் கொடியைத் தைத்தார்கள். 369 பேர் போட்டியிட்டனர். வாள்வீச்சு, ஈட்டியெறிதல், வில்வித்தை, கோல் ஊன்றித் தாண்டுதல் ஆகியவற்றை ஜெர்மானியர் அனுமதிக்கவில்லை. காரணத்தை விளக்கத் தேவையில்லை. குத்துச்சண்டை தொடங்கப்பட்டு இடையிலே நிறுத்தப்பட்டது. ஐந்தாண்டு அரைவயிற்று உணவில் மெலிந்திருந்த உடல்கள் அடிகளைத் தாங்கவில்லை. அந்தப் போட்டியின் நடுவில், ஆகஸ்ட் முதல் நாள், வார்சாவில் எழுச்சி வெடித்தது. கைதிகளில் பலருடைய குடும்பங்கள் அந்த நகரில்தான் இருந்தன.

*

தப்பித்தலைப் பற்றிச் சொல்லாமல் போர்க்கைதிகளின் கதை நிறைவு பெறாது. கோல்டிட்ஸ் கோட்டைக்கு 1940 நவம்பரில் முதலில் கொண்டுவரப்பட்ட பெருங்குழுவினர் போலந்து அதிகாரிகளே. பூட்டுகளைத் திறக்கும் வித்தையைப் பின்னால் வந்த பிரிட்டிஷ் கைதிகள் இவர்களிடமிருந்து கற்றார்கள். 1941இல் இருவர் படுக்கை விரிப்புகளைத் திரித்த கயிற்றில் கோட்டைச் சுவரிலிருந்து இறங்கினர். ஒருவருடைய காலணியின் ஆணிகள் சுவரில் உரசிய ஓசை காவலரை எழுப்பிவிட்டது. இத்தகைய நிகழ்ச்சிகள் பின்னாளில் துணிகரக் கதைகளாகப் பலராலும் விரும்பிப் படிக்கப்பட்டன. ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கிய 'தி கிரேட் எஸ்கேப்' திரைப்படத்தைப் பார்த்தவர்கள், சார்லஸ் பிரான்சன் நடித்த சுரங்கம் தோண்டுபவன் ஒரு போலந்துக்காரன் என்பதை நினைவுகூரலாம். 1944 மார்ச்சில் ஸாகன் முகாமிலிருந்து உண்மையாகவே தப்பிய 76 விமானப்படையினரில் 50 பேர் பிடிபட்டபின் சுட்டுக்கொல்லப்பட்டனர். அந்த ஐம்பதின்மரில் அறுவர் போலந்தினர்.

ஆனால் டெஸல் முகாமின் கதை யாராலும் திரைப்படமாக்கப்பட்டு உலகம் சுற்றவில்லை. அங்கிருந்து 1943 செப்டம்பர் 19ஆம் நாள் இரவு 47 போலந்து அதிகாரிகள் சுரங்கம் வழியே வெளியேறினர். பத்துப் பேர் தப்பினர். எஞ்சிய 37 பேரும் அடுத்தடுத்துப் பிடிபட்டனர். அவர்கள் முகாமுக்குத் திருப்பி அனுப்பப்படவில்லை. ஒரு பகுதியினர் புகென்வால்ட் வதைமுகாமில் கொல்லப்பட்டனர். மற்றவர்களை டார்ட்முண்டில் கெஸ்டாபோ கொன்றது. ஜெனீவா உடன்படிக்கையில் தப்பியோடிய கைதிக்கு விதிக்கத்தக்க தண்டனை ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே. எழுத்தில் இருந்த அந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதை டெஸல் காட்டிற்று. ஓராண்டு கழித்து, 1944 செப்டம்பர் 27ஆம் நாள் இரவில், நேச நாட்டு விமானத்தின் குண்டு அதே முகாமின் மீது விழுந்து 90 போலந்து அதிகாரிகள் இறந்தனர். தப்பிக்க முயன்றவர்களைப் பகைவன் கொன்றான். தங்கியிருந்தவர்களை நண்பனின் குண்டு கொன்றது.

இந்த இடத்தில் ஒரு திரைப்படத்தைக் குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும். ஆந்த்ரே மூங்க் இயக்கி 1958இல் வெளிவந்த 'எரோயிகா'. அதன் கதையை எழுதியவர் வார்சா எழுச்சியில் பங்கேற்றுச் சிறைப்பட்ட யெஷி ஸ்தாவின்ஸ்கி. படத்தின் இரண்டாம் பகுதி ஓர் அதிகாரிகள் முகாமில் நிகழ்கிறது. ஐந்தாண்டு காலம் ஒரே அறையில் அடைபட்டு, ஒருவர் முகம் ஒருவருக்குச் சகிக்காமல் போன மனிதர்கள். அவர்களை ஒன்றாகப் பிணைத்திருப்பது ஒரே ஒரு நம்பிக்கை: ஸவிஸ்தோவ்ஸ்கி என்னும் அதிகாரி இங்கிருந்து தப்பிவிட்டான். உண்மையில் அவன் எங்கும் போகவில்லை. கூரைக்கடியிலுள்ள ஒரு பொந்தில் ஒளிந்திருக்கிறான். இரண்டொருவர் மட்டும் இரகசியமாக உணவு கொடுத்துவருகிறார்கள். வெளியே வந்தால் தோழர்களின் நம்பிக்கை இடிந்துவிடும் என்பதற்காகவே அவன் அங்கேயே கிடந்து இறக்கிறான்; அந்தச் சாவும் மறைக்கப்படுகிறது. இரகசியத்தைக் காக்கும் அதிகாரியாக அப்படத்தில் நடித்தவர், வோல்டன்பெர்க் நாடக அரங்கை நடத்திய அதே ருட்ஸ்கி என்பது தற்செயலானதாக இருக்க முடியாது.

மூங்க் வீரத்தை எள்ளி நகையாடுகிறார் என்று அன்றே சிலர் வருந்தினார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சிறையில் எதிர்ப்பு என்பது பெரும்பகுதி நம்பிக்கையை உற்பத்தி செய்வதே என்பதையும், அந்த உற்பத்திக்கு மூலப்பொருளாக ஓர் உயிருள்ள மனிதன் செலவழிக்கப்படலாம் என்பதையும் அவர் கூசாமல் காட்டினார். மறைவான எதிர்ப்பைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கடந்துதான் ஆகவேண்டும்.

*

இனி கிழக்கே செல்வோம். கொஸெல்ஸ்க் முகாம் அமைந்தது ஆப்டினா மடத்தின் கட்டடங்களில். இந்தப் பெயர் ருஷ்ய இலக்கிய வாசகர்களுக்குப் புதிதன்று. 1878இல் தஸ்தயேவ்ஸ்கி அங்கே சென்று, அம்வ்ரோசி என்னும் துறவியைச் சந்தித்தார். 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலின் மடத்திற்கும் ஜோசிமாவுக்கும் அந்தப் பயணமே ஊற்றாயிற்று. 1910இல் வீட்டைவிட்டு வெளியேறிய டால்ஸ்டாயும் முதலில் அந்த மடத்திற்கே போனார். அதே சுவர்களுக்குள் 1939இன் குளிர்காலத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட போலந்து அதிகாரிகள் அடைபட்டிருந்தனர். அவர்களுள் ஒரே ஒரு பெண், விமானி யானினா லெவந்தோவ்ஸ்கா.

இங்கேயும் அவர்கள் அதையேதான் செய்தார்கள். சொற்பொழிவுகள் நடத்தினார்கள். கையெழுத்து இதழ் எழுதினார்கள். இரவில் விளக்கணையுமுன் சில நிமிடங்கள் அமைதி காத்தார்கள். அந்த அமைதியே அவர்களின் கூட்டுவழிபாடு. ஸ்டாரொபெல்ஸ்கில் போலந்தின் விடுதலை நாளான நவம்பர் 11ஐ மறைவாகக் கொண்டாடினார்கள். ஆனால் இங்கே சொற்பொழிவும் வழிபாடும் தடைசெய்யப்பட்ட செயல்கள். ஒழுங்கமைத்தவர்கள் பிரித்துக் கொண்டுசெல்லப்பட்டனர். 1939 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பாதிரியார்களில் பெரும்பாலோர் முகாம்களிலிருந்து அகற்றப்பட்டனர்.

கைதிகள் அறியாத ஒன்று உண்டு. அவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனிக் கோப்பு திறக்கப்பட்டிருந்தது. விசாரணை அதிகாரிகள் நயமாக உரையாடினார்கள்; அரசியல் பொறுப்பாளர்கள் அறைகளில் நடக்கும் பேச்சுகளை அறிக்கையாக்கினார்கள். யார் ஜெபிக்கிறார், யார் சொற்பொழிவு ஆற்றுகிறார், யார் விடுதலையானதும் மீண்டும் போருக்குப் போவேன் என்கிறார் என்பதெல்லாம் மாஸ்கோவுக்குச் சென்றன. வீட்டுக்குக் கடிதம் எழுத அனுமதித்தபோது மகிழ்ச்சியோடு முகவரிகளைக் கொடுத்தார்கள். அந்த முகவரிகள் பின்னர் வேறொரு காரியத்திற்குப் பயன்பட்டன.

1940 மார்ச் மாதம் பெரியா ஸ்டாலினுக்கு அளித்த குறிப்பு, முகாம்களிலுள்ள அதிகாரிகள் சோவியத் ஆட்சிக்கு எதிரான வேலைகளை உள்ளேயும் தொடர்கிறார்கள் என்றும், திருத்தவியலாத பகைவர்கள் என்றும் கூறி, விசாரணையின்றிச் சுட்டுக்கொல்லப் பரிந்துரைத்தது. மார்ச் 5ஆம் நாள் அரசியல் குழு அதை ஏற்றது. ஏப்ரல், மே மாதங்களில் கொஸெல்ஸ்க் கைதிகள் காத்தின் காட்டிலும், ஸ்டாரொபெல்ஸ்க் கைதிகள் கார்கிவிலும், ஒஸ்தாஷ்கோவ் கைதிகள் அன்று காலினின் எனப்பட்ட ட்வேரிலும் கொல்லப்பட்டனர். சிறைகளில் இருந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 21,857 பேர் என்று 1959ஆம் ஆண்டின் சோவியத் இரகசியக் குறிப்பு கணக்கிடுகிறது. கவிஞர் வுவாதிஸ்வாஃப் ஸெபிவா அவர்களில் ஒருவர். திரைப்பட இயக்குநர் ஆந்த்ரே வாய்தாவின் தந்தை இன்னொருவர். மகன் அந்தக் கதையை 2007இல்தான் 'காத்தின்' என்னும் படமாக எடுக்க முடிந்தது. 1940 ஏப்ரல் 13ஆம் நாள், கைதிகளின் குடும்பங்களைச் சேர்ந்த அறுபதாயிரம் பேர் கசாக்ஸ்தானுக்கு நாடுகடத்தப்பட்டனர். கடிதங்களின் முகவரிகள் அதற்கு உதவின.

கடைசி நாட்களிலும் அவர்கள் ஒரு மறைவு வழியை வகுத்திருந்தார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாத நிலையில், ஏற்றிச்செல்லும் ரயில்பெட்டிகளின் சுவர்களில் இறங்கும் இடத்தை எழுதிவைத்தார்கள். பெட்டி திரும்பி வந்ததும் அடுத்த குழுவினர் அதைப் படித்தார்கள். அந்த இடத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியவந்தது; அங்கே என்ன நடக்கிறது என்பது தெரியவில்லை. பொருளியல் பேராசிரியர் ஸ்தனிஸ்வாஃப் ஸ்வியானியேவிச் காத்தினுக்கு அருகிலுள்ள க்னியெஸ்டோவோ நிலையத்தில் தனியே பிரித்து நிறுத்தப்பட்டார். கூரையருகே இருந்த ஓட்டை வழியாக, சன்னல்களில் சுண்ணாம்பு பூசிய பேருந்தில் தோழர்கள் பின்பக்கமாக ஏற்றப்படுவதைக் கண்டார். மேஜர் ஆதம் ஸோல்ஸ்கி 1940 ஏப்ரல் 9ஆம் நாள் காட்டை அடைந்து, தம் கைக்கடிகாரம் பறிக்கப்பட்டதுவரை நாட்குறிப்பில் எழுதினார். 1943இல் அவர் உடலோடு அது கண்டெடுக்கப்பட்டது.

மூன்று முகாம்களிலிருந்தும் உயிர்பிழைத்தவர்கள் 395 பேர். அவர்களுள் ஓவியர் யூஸெஃப் சாப்ஸ்கியும் ஒருவர். கிரியாசொவெத்ஸ் என்னும் ஊரின் பழைய மடத்தில் வைக்கப்பட்டிருந்தபோது, பகல் முழுதும் உறைபனியில் வேலை செய்து திரும்பிய தோழர்களுக்கு, மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் படங்கள் மாட்டிய உணவுக்கூடத்தில், மார்சல் ப்ரூஸ்ட்டின் நாவலைப் பற்றி அவர் சொற்பொழிவாற்றினார். கையில் ஒரு நூலும் இல்லை, முழுவதும் நினைவிலிருந்து. இம்முறை முன் அனுமதி பெற்றே அது நடந்தது. ஓராண்டுக்குமுன் அதே காரியத்தைச் செய்த தோழர்கள் காணாமற் போயிருந்தார்கள். 1941இல் விடுதலையானபின் அவர்களைத் தேடும் பொறுப்பு சாப்ஸ்கிக்கே தரப்பட்டது. அந்த டிசம்பரில் போலந்துப் பிரதமர் சிகோர்ஸ்கி ஸ்டாலினிடம் கேட்டபோது, அவர்கள் மஞ்சூரியாவுக்கு ஓடியிருக்கலாம் என்று விடை வந்தது.

*

இரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. வோல்டன்பெர்க்கிலும் கொஸெல்ஸ்கிலும் கைதிகள் செய்தது ஏறக்குறைய ஒன்றே. ஒரே பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள், ஒரே நூல்களைப் பற்றிப் பேசினார்கள், ஒரே விழா நாட்களை நினைவுகூர்ந்தார்கள். ஓரிடத்தில் அது அஞ்சல்தலை வெளியிட்டது. மற்றோரிடத்தில் மரண தண்டனைக்குச் சான்றாயிற்று. எதிர்ப்பின் விலையைத் தீர்மானித்தது எதிர்த்தவர்களின் துணிவோ விவேகமோ அல்ல. சிறைவைத்தவனின் கணக்கு மட்டுமே. அந்தக் கணக்கும் மாறக்கூடியது என்பதை டெஸல் சொல்கிறது. எனவே 'அமைதியாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்' என்று கொஸெல்ஸ்கைப் பார்த்துச் சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை. அமைதியாக இருந்தவர்களும் அதே காட்டிற்கே கொண்டுசெல்லப்பட்டார்கள்.

ஜெர்மன் முகாம்களில் பிழைத்தவர்களுக்கும் கதை 1945இல் முடிந்துவிடவில்லை. ஹெல்லில் உன்ருக்கோடு போரிட்டு, அதிகாரிகள் முகாம்களில் போர் முடியும்வரை இருந்துவிட்டு, புதிய போலந்தின் கடற்படையைக் கட்டத் திரும்பிய மியெஷ்கோவ்ஸ்கி, ஸ்தனியேவிச், ப்ஷிபிஷெவ்ஸ்கி ஆகிய மூவரையும் கம்யூனிஸ்ட் அரசு பொய்க் குற்றச்சாட்டில் 1952 டிசம்பரில் கொன்று, அடையாளமில்லாத குழிகளில் புதைத்தது. உன்ருக் நாடு திரும்பாமல் பிரான்சில் வாழ்ந்து 1973இல் இறந்தார். தம் தோழர்களுக்கு முறையான அடக்கம் நடக்கும்வரை தம் உடலைப் போலந்துக்குக் கொண்டுசெல்லலாகாது என்பது அவர் விருப்பம். 2017 டிசம்பரில் அந்தத் தோழர்கள் க்டினியாவில் படை மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டனர். 2018 அக்டோபரில் உன்ருக்கின் உடலும் அங்கே வந்து சேர்ந்தது.

காத்தின் கொலைகளைத் தன் அரசே செய்தது என்று சோவியத் ஒன்றியம் 1990 ஏப்ரல் 13ஆம் நாள் ஒப்புக்கொண்டது. மார்ச் 5ஆம் நாள் முடிவின் ஆவணங்கள் 1992 அக்டோபரில் வார்சாவுக்கு வந்தன. ஐம்பதாண்டு காலம் அந்தப் பொய்யை ஓர் உலக வல்லரசு காத்துநின்றது. அதற்கு எதிரே இருந்தவை ஒரு பேராசிரியர் ஓட்டை வழியாகக் கண்ட காட்சியும், கொல்லப்பட்டவரின் சட்டைப்பையிலிருந்த ஒரு நாட்குறிப்பும், இன்னும் இவைபோன்ற சிலவுமே. கைதியால் தன் உயிரைக் காத்துக்கொள்ள முடியாமற் போகலாம். நடந்தது இன்னதென்று எழுதிவைக்க முடிந்தது. ஸோல்ஸ்கி அந்தக் காலையில் செய்தது அதைத்தான்.